மின்புலமும் மின்தேக்கியும்: அலுமினியத் தாளிலிருந்து ஃபேன் கண்டென்சர் வரை

ப்ளஸ் டூ மாணவர்களில் பெரும்பாலோர் மின்தேக்கிச் சூத்திரத்தைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். "ஃபேன் மெதுவா சுத்துது, கண்டென்சர் வீக்காயிடுச்சு" என்று அதே மின்தேக்கியைப் பற்றி எலக்ட்ரீஷியன் சொல்லும்போது, அந்தச் சூத்திரத்தில் எது குறைந்துவிட்டது என்று கேட்டால் விழிப்பார்கள். அதற்கான விடை இந்தக் கட்டுரையின் பின்பகுதியில் வருகிறது. இப்போதைக்கு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: மின்தேக்கியில் நடப்பதெல்லாம் இரண்டு தகடுகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியில்தான் நடக்கிறது. கணக்கு பொருந்தாமல் போனாலும் சாமான் பழுதானாலும் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

மின்புலம்: வகுக்கலாமா, கூடாதா?

ஓரிடத்தில் வைத்த 1 கூலோம் மின்னூட்டத்தின் மீது செயல்படும் விசைதான் அங்குள்ள மின்புலம். கையில் அளக்க வசதியான வடிவம் வேறு: மின்னழுத்த வேறுபாட்டை இடைவெளியால் வகுத்தால் வருவது. 9 வோல்ட் பேட்டரியை 0.1 மி.மீ. இடைவெளியுள்ள இரு தகடுகளில் மாட்டினால், நடுவில் மீட்டருக்கு 90,000 வோல்ட். எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். சாதாரணக் காற்று உடைந்து பொறி பறக்க மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் வேண்டும், அதாவது மில்லிமீட்டருக்கு 3,000 வோல்ட்.

இந்த வகுத்தல் இணைத்தகடுகளுக்கு மட்டும் சரி. எங்கே தவறு என்பதற்கு உதாரணம் நம் ரயில் பாதையிலேயே இருக்கிறது. சென்னை கடற்கரையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் தடத்தில், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் நெடுக, தலைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்னழுத்தம். உயரம் ஏறக்குறைய 5.5 மீட்டர். வகுத்தால் மீட்டருக்குச் சுமார் 4,500 வோல்ட். ஆனால் கம்பி 12 மி.மீ. தடிமனுள்ள ஒல்லி உருளை; புலக்கோடுகள் எல்லாம் அதன் மேற்பரப்பில் வந்து நெரிகின்றன. உருளைக்குரிய சூத்திரத்தில் போட்டால் கம்பியை ஒட்டிய இடத்தில் மீட்டருக்குச் சுமார் 5.5 லட்சம் வோல்ட் வரும். சராசரியைப் போல 120 மடங்கு! மாறுமின்னோட்டத்தின் உச்சத்தில் இது 7.8 லட்சம். காற்றின் தாங்கு எல்லையை இன்னும் தொடவில்லை, அதனால்தான் கம்பி அமைதியாக இருக்கிறது. மழையில் நனைந்த பட்ட நூலோ, ஜரிகைத் தாள் ஒட்டிய பட்டமோ அருகில் போனால் இடைவெளியே சுருங்கிவிடும். அப்புறம் இந்தக் கணக்கு எதுவும் காப்பாற்றாது. கம்பியிலிருந்து 2 மீட்டர் விலகல் என்ற ரயில்வே விதி சும்மா எழுதியதல்ல.

நிலைமின்சாரச் சோதனைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிவிசி பைப்பைத் துணியால் தேய்த்துக் காகிதத் துணுக்கைத் தூக்கும் சோதனை ராயபுரத்திலும் காசிமேட்டிலும் பாதி நாள் வேலை செய்யாது. கடல் காற்றின் ஈரம் பைப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாக உட்கார்ந்து மின்னூட்டத்தைக் கசியவிடும். செய்ய வேண்டுமானால் மே, ஜூன் மாதங்களில், மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் நேரத்தில், கடல் காற்று உள்ளே வருமுன் முற்பகலில் செய்யுங்கள். ஏசி அறையிலும் நன்றாக வரும். எண்ணூர்ப் பக்கம் மின்கோபுரப் பீங்கான்களில் உப்புப் படிந்து, பனி விழும் விடியலில் பொறி ஓடுவதற்கும் காரணம் இதே மேற்பரப்புக் கசிவுதான். அந்தப் பீங்கானில் குடை குடையாக மடிப்பு வைத்திருப்பது கசிவு ஓட வேண்டிய வழியை நீளமாக்குவதற்காக.

தேவையான சாமான்கள்

சமையலறை அலுமினியத் தாள் ஒரு சுருள், ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் ஏ4 அளவு ஓஹெச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) நான்கு, 9 வோல்ட் பேட்டரி, 1000 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி, 47 கிலோ ஓம் கால் வாட் மின்தடை, முதலைவாய்க் கிளிப் வைத்த ஒயர்கள், பள்ளி ஆய்வகத் திருகு அளவி, சமமான டைல்ஸ் இரண்டு.

மல்டிமீட்டர் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். மலிவான 830 வகை மஞ்சள் மீட்டரில் மின்தேக்குத்திறன் அளக்க வழி கிடையாது. திருப்பும் குமிழில் 20 நானோ ஃபாரட், 20 மைக்ரோ ஃபாரட் என்ற அளவுகள் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடை தூரம்; ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

மின்தேக்கி செய்தல்

அலுமினியத் தாளில் 18 × 25 செ.மீ. அளவில் இரண்டு தகடு வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் 2 செ.மீ. அகலத்துக்கு ஒரு வால் விட்டு வெட்டவும். கிளிப் மாட்டுவது அங்கேதான். டைல்ஸின் மேல் முதல் தகட்டை வைத்து, ஸ்கேலின் விளிம்பால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவிச் சுருக்கம் போக்குங்கள். மேலே ஓஹெச்பி ஷீட். ஷீட் 21 × 29.7 செ.மீ. என்பதால் நான்கு பக்கமும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வெளியே நீளும். அந்த ஓரம் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் தகடுகள் விளிம்பில் தொட்டுக்கொள்ளும். அதன் மேல் இரண்டாவது தகடு, வால் எதிர்ப்பக்கம் பார்க்க. கடைசியாக இரண்டாவது டைல்ஸ், அதன்மேல் கனமான புத்தகங்கள்.

இனி கணக்கு. மின்தேக்குத்திறன் = வெற்றிட விடுதிறன் × மின்காப்பு மாறிலி × பரப்பு ÷ இடைவெளி. விடுதிறன் 8.854 × 10⁻¹². ஓஹெச்பி ஷீட் பாலியெஸ்டர். மாறிலி சுமார் 3.2. பரப்பு 450 சதுர செ.மீ., அதாவது 0.045 சதுர மீட்டர். சதுர சென்டிமீட்டரை 100-ஆல் வகுத்து மீட்டராக்கும் தவறு தேர்வுத்தாளில் நிறைய வரும். 10,000-ஆல் வகுக்க வேண்டும்.

ஷீட்டின் தடிமனை ஒற்றை ஷீட்டில் அளக்காதீர்கள். திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ.; 0.10 மி.மீ. ஷீட்டில் அதுவே 10 சதவீதப் பிழை. ஒரு ஷீட்டைத் துண்டாக்கி பத்துத் துண்டை அடுக்கி அளந்து, பத்தால் வகுத்தால் பிழை ஒரு சதவீதத்துக்கு இறங்கிவிடும். 0.10 மி.மீ. என்றே வந்தால், கணக்குப்படி மின்தேக்குத்திறன் 12.7 நானோ ஃபாரட்.

அளந்தால் குறைவாகக் காட்டும்

மீட்டரை 20 நானோ ஃபாரட் அளவில் வையுங்கள். எதையும் மாட்டாமல் ஒயர் மட்டும் காட்டும் மதிப்பைக் குறித்து, பின்னால் கழித்துக்கொள்ளுங்கள். இப்போது வால்களில் கிளிப்பை மாட்டுங்கள். கை தகட்டில் படக் கூடாது.

12.7 வராது. 5 வரலாம், 8 வரலாம். புத்தகத்தை அழுத்தினால் ஏறும், விட்டால் இறங்கும். மீட்டர் கெட்டுவிட்டதென்று நினைத்து இங்கேதான் பலரும் கைவிடுகிறார்கள். மீட்டர் சரியாகத்தான் சொல்கிறது. தகட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவே காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது.

காற்றின் மாறிலி ஏறக்குறைய 1. ஆகவே 100 மைக்ரான் (அதாவது 0.10 மி.மீ.) பாலியெஸ்டர், மின்தேக்கியின் பார்வையில், 100 ÷ 3.2 = 31 மைக்ரான் காற்றுக்குச் சமம். மேலும் கீழுமாக மொத்தம் 50 மைக்ரான் காற்று மிஞ்சினால் (தலைமுடித் தடிமன்கூட இல்லை) இடைவெளி 31-இலிருந்து 81-ஆகிவிடுகிறது, மின்தேக்குத்திறன் 4.9 நானோ ஃபாரட்டுக்கு விழுகிறது. காற்று 10 மைக்ரானாகக் குறைந்தால் 9.7. அளந்த மதிப்பை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் உள்ளே எத்தனை மைக்ரான் காற்று இருக்கிறது என்றே சொல்லிவிடலாம். இந்தச் சோதனையின் உண்மையான பலன் இதுதான் என்பது எங்கள் கருத்து. சூத்திரத்தைச் சரிபார்ப்பதைவிட இது பெரியது.

காற்றை வெளியேற்ற வழி சமையலறையில் இருக்கிறது. தகட்டின் மேல் நாலைந்து சொட்டு சமையல் எண்ணெய் விட்டுத் தடவி, ஷீட்டைப் போட்டு ஸ்கேலால் வழித்து அழுத்துங்கள். இரண்டு பக்கமும். எண்ணெயின் மாறிலி 3-ஐ ஒட்டி வரும் என்பதால் அந்த 10 மைக்ரான் இப்போது 3 மைக்ரான் காற்றுக்குத்தான் சமம், மதிப்பு 11.5-ஐ நோக்கி ஏறும்.

காற்றுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. அடுக்கடுக்காக இருக்கும் காப்புப் பொருள்களில் மாறிலி குறைந்த அடுக்கில் மின்புலம் அதிகம். பாலியெஸ்டரில் இருப்பதைப் போல 3.2 மடங்கு புலம் காற்றுக் குமிழியில் இருக்கும். தாங்கும் சக்தியோ காற்றுக்குத்தான் மிகக் குறைவு. உயர் அழுத்தத்தில் முதலில் குமிழிக்குள் நுண்பொறி கிளம்பி, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை அரிக்கத் தொடங்கும். தொழிற்சாலை மின்தேக்கிகளில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு எண்ணெயோ ரெசினோ நிரப்புவதன் காரணம் இது. அதனாலேயே உங்கள் அலுமினியத் தாள் மின்தேக்கியை வீட்டு பிளக்கில் ஒருபோதும் செருகக் கூடாது. 9 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்ற கோளாறுகள் சில்லறை. மீட்டர் இடது ஓரத்தில் வெறும் 1 காட்டினால், அளவு போதவில்லை அல்லது தகடுகள் தொட்டுக்கொள்கின்றன. ஓம் அளவில் வைத்துப் பாருங்கள், அங்கும் 1 காட்டினால்தான் தொடவில்லை என்று அர்த்தம். மெகா ஓம் கணக்கில் ஏதாவது எண் காட்டினால் ஷீட்டின் விளிம்பில் ஈரம். துடைத்து ஃபேன் காற்றில் காயவையுங்கள். ஷீட்டுக்குப் பதில் வெள்ளைத்தாள் போட்டால் நம் ஊர்க் காற்றில் அது ஈரத்தை உறிஞ்சிக் கசியும், மதிப்பும் ஓரிடத்தில் நிற்காது.

தொடர், பக்க இணைப்பைப் பார்க்க இன்னொரு மின்தேக்கி செய்யத் தேவையில்லை. தகடு, ஷீட், தகடு, ஷீட், தகடு என்று ஐந்தடுக்கு அடுக்குங்கள். மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் ஒன்றாகச் சேர்த்து, அதற்கும் நடுத்தகட்டுக்கும் இடையே அளந்தால் பக்க இணைப்பு, இரட்டிப்பாகும். நடுத்தகட்டை விட்டுவிட்டு மேல், கீழ்த் தகடுகளுக்கிடையே அளந்தால் தொடர் இணைப்பு, பாதி. பாய்போலச் சுருட்டிய மின்தேக்கியில், ஒரே நீளத் தகட்டுக்கு இரட்டை மதிப்பு கிடைப்பதும் இதனால்தான். சுருட்டும்போது ஒவ்வொரு தகட்டின் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

பேட்டரி மாட்டியபடியா, கழற்றிவிட்டா?

தேர்வில் அதிகம் தடுமாறும் கேள்வி இது. பேட்டரி மாட்டியிருந்தால் மின்னழுத்தம் மாறாது. கழற்றியிருந்தால் மின்னூட்டம் மாறாது. முதலில் அதை எழுதிவிட்டு அப்புறம் சூத்திரத்துக்குப் போங்கள். நம் மின்தேக்கியைக் காற்றே இல்லாததாக எடுத்துக்கொண்டால் 9 வோல்ட்டில் 115 நானோ கூலோம், ஏறக்குறைய 72,000 கோடி எலக்ட்ரான்கள். மாட்டியபடி இடைவெளியை இரட்டித்தால் மின்னூட்டத்தில் பாதி பேட்டரிக்குத் திரும்பும், புலமும் பாதியாகும். கழற்றிவிட்டு இரட்டித்தால் மின்னூட்டமும் புலமும் அப்படியே. மின்னழுத்தம் 18 வோல்ட்டாகும், ஆற்றலும் இரட்டிக்கும். அந்தக் கூடுதல் ஆற்றல் எங்கிருந்து? ஒன்றையொன்று ஈர்க்கும் தகடுகளைப் பிரிக்க நீங்கள் செய்த வேலைதான்.

இதை மல்டிமீட்டரில் பார்க்க முயலாதீர்கள். 10 மெகா ஓம் உள்தடையுள்ள மீட்டரே இந்தச் சின்ன மின்தேக்கியை 0.13 நொடி நேர மாறிலியில் (தடை × மின்தேக்குத்திறன்; மின்னழுத்தம் 2.718-இல் ஒரு பங்காக இறங்கும் நேரம்) காலிசெய்துவிடும். எண் தெரிவதற்குள் மின்னூட்டம் போயிருக்கும்.

மின்னிறக்கம்: 47 நொடியில் ஒரு வளைகோடு

கண்ணால் பார்க்கும் வேகத்தில் இறங்க 1000 மைக்ரோ ஃபாரட்டும் 47 கிலோ ஓமும் பொருத்தம். இரண்டின் பெருக்கல் 47 நொடி.

எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியில் பட்டை போட்டிருக்கும் கால் எதிர்முனை. மாற்றி மாட்டினால் உள்ளே இருக்கும் அலுமினிய ஆக்சைடுப் படலம் அழிந்து, சூடாகி, தலை உப்பிவிடும். சரியாக மாட்டி 5 நிமிடம் பேட்டரியிலேயே விடுங்கள். நாள்பட்டுக் கடையில் கிடந்த மின்தேக்கியில் ஆக்சைடுப் படலம் மீண்டும் சீராக அந்த அவகாசம் வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முதல் ஓட்டத்தில் மின்னழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக விழும்.

மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் மின்தேக்கியோடு பக்க இணைப்பில் மாட்டுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு மின்தடையை இணையுங்கள். இணைத்த கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்த முயன்றால் கை தடுமாறும். காத்திருந்து, மீட்டர் 8.00 காட்டும்போது தொடங்குங்கள். 4.00 ஆகும் நேரத்தையும் 2.94 ஆகும் நேரத்தையும் குறியுங்கள். 8-ஐ 2.718-ஆல் வகுத்தால் 2.94, ஆகவே அந்த நேரமே நேர மாறிலி. 4.00-க்கான நேரம் அதில் 0.693 பங்கு வர வேண்டும், 47-க்கு 32.6 நொடி. இரண்டும் ஒத்துவந்தால் வளைகோடு உண்மையிலேயே அடுக்குக்குறி வீழ்ச்சிதான்.

மீட்டரும் ஒரு மின்தடை என்பதை மறக்க வேண்டாம். 10 மெகா ஓம் மீட்டர் என்றால் 46.8 நொடி, பொருட்படுத்த வேண்டாம். 830 வகை மீட்டரின் உள்தடை 1 மெகா ஓம்தான். அப்போது பயன்படும் தடை 44.9 கிலோ ஓம், நேரம் 44.9 நொடி. இதையெல்லாம் திருத்திய பிறகும் 40-ஓ 53-ஓ வந்தால் பதற வேண்டாம். இந்த வகை மின்தேக்கிக்குப் பொதுவாக 20 சதவீதம் வரை ஏற்றத்தாழ்வு அனுமதி உண்டு.

முடித்தபின் கால்களை ஒரு நொடி குறுக்கிணைத்து விட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சுழியாக இருந்த மின்னழுத்தம் தானாகக் கொஞ்சம் ஏறும். மின்காப்புப் பொருளில் திரும்பிய மூலக்கூறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பழைய நிலைக்கு வருவதில்லை. பெரிய மின்தேக்கிகளை டிஸ்சார்ஜ் செய்தபின்னும் குறுக்கிணைப்புடனே வைப்பது இதற்காகத்தான்.

ஃபேன் கண்டென்சர்

மேற்புறத்தில் பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட், ±5 சதவீதம், 440 வோல்ட் ஏசி என்று இருக்கும். உள்ளே, சில மைக்ரான் தடிமனுள்ள பாலிபுரொப்பிலீன் படலம். அதன்மேல் ஆவியாக்கிப் படியவைத்த மெல்லிய உலோகப் பூச்சு. படலம் 6 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், மாறிலி 2.2-க்கு, தேவைப்படும் பரப்பு 0.77 சதுர மீட்டர். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டியில் ஒரு மேசையின் பரப்பு. 230 வோல்ட்டின் உச்சமான 325 வோல்ட்டில் படலத்தின் புலம் மீட்டருக்கு 5.4 கோடி வோல்ட், காற்று உடையும் புலத்தைப் போல 18 மடங்கு. அட்டையில் 440 என்று போடுவது ஆடம்பரத்துக்காக அல்ல. மோட்டாரின் துணைச்சுருளோடு (முதன்மைச் சுருளுக்குத் துணையாக இருக்கும் இரண்டாவது சுருள்) தொடரில் இருப்பதால் கண்டென்சரின் குறுக்கே வரும் மின்னழுத்தம் வீட்டு மின்னழுத்தத்தைத் தாண்டும்.

இப்போது தொடக்கத்துக் கேள்விக்கு விடை. படலத்தில் எங்காவது ஒரு பலவீனமான புள்ளி உடைந்தால், அந்த இடத்துப் பொறி சுற்றியுள்ள உலோகப் பூச்சை ஆவியாக்கிவிடும். ஓட்டை தனிமைப்பட்டுவிடுவதால் கண்டென்சர் ஷார்ட் ஆகாமல் பிழைக்கும், ஆனால் அவ்வளவு பரப்பு போனது போனதுதான். சூத்திரத்தில் குறைவது பரப்பு. வருடக்கணக்கில் ஆயிரக்கணக்கான சிறு இழப்புகள் சேர்ந்து 2.5 என்பது 1.8, 1.5 என்று இறங்கும். துணைச்சுருளின் மின்னோட்டமும் முறுக்குவிசையும் அதோடு இறங்கும்.

சோதிக்கும் முறை: சுவர் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, சில பழைய ஒயரிங்கில் ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கும். மெயினை இறக்கி, டெஸ்டரால் பாருங்கள். கண்டென்சரின் இரண்டு முனைகளையும் 10 கிலோ ஓம் 5 வாட் மின்தடையால், ஒயரின் காப்புறையைப் பிடித்தபடி, சில நொடி இணையுங்கள். நேர மாறிலி 25 மில்லி நொடி என்பதால் சில நொடி தாராளம். ஸ்குரூடிரைவரால் குறுக்கிணைப்பது பரவலான பழக்கம், நல்லதல்ல. பொறியில் முனையும் உள்ளே பூச்சும் இணையும் இடமும் சேதமாகும். டிசி அளவில் மின்னழுத்தம் சுழிதானா என்று பார்த்துவிட்டு, ஒரு ஒயரையாவது கழற்றியபின் 20 மைக்ரோ ஃபாரட் அளவில் அளக்கவும். கழற்றாமல் அளந்தால் சுருள் குறுக்கே வந்து எண் பொய் சொல்லும்.

2.38-க்கும் 2.62-க்கும் இடையே இருந்தால் நல்லது. 2.2-க்குக் கீழே மாற்றிவிடுங்கள். வேகம் கூடட்டும் என்று 2.5-க்குப் பதில் 4 போடுவது வேண்டாத வேலை: துணைச்சுருளில் மின்னோட்டம் ஏறி மோட்டார் சூடாகும், உறுமும்.

கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி), இன்வெர்ட்டர், மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றை இந்த நம்பிக்கையில் திறக்காதீர்கள். ஃபேன் கண்டென்சரில் 325 வோல்ட்டில் 0.13 ஜூல், எஸ்எம்பிஎஸ்ஸின் 100 மைக்ரோ ஃபாரட்டில் அதே மின்னழுத்தத்தில் 5.3 ஜூல். மைக்ரோவேவில் 2,000 வோல்ட்டைத் தாண்டும், ஆளையே கொல்லும்.

புதுக் கண்டென்சர் போட்டும் ஃபேன் உறுமிக்கொண்டு நின்றால், மெயினை இறக்கிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். கனமாகச் சுற்றினால் பேரிங். இலகுவாகச் சுற்றினால் மோட்டாரின் மூன்று ஒயர்களையும் கழற்றி, இரண்டிரண்டாக மூன்று ஜோடிகளின் மின்தடையை அளக்கவும். மிகப் பெரிய மதிப்பு மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு ஜோடிக்கு மட்டும் எண் வந்து மற்ற இரண்டும் திறந்திருந்தால், ஒரு சுருள் அறுந்துவிட்டது. கடைக்குக் கொண்டுபோய் ரீவைண்டிங் செய்ய வேண்டியதுதான். ஃபேன் நன்றாக ஓடி, ஆனால் தலைகீழ்த் திசையில் சுற்றினால், புதுக் கண்டென்சரை மாட்டும்போது எந்தச் சுருளோடு தொடரில் போட வேண்டுமோ அதை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.